உல்லாஸ்நகர் கோப்பில் இல்லாத ஒரு தாள்

இங்கிலாந்தில் ஓரளவு பெரிய கட்டடத்துக்கு அனுமதி கேட்கிறவர் வரைபடங்களை மட்டும் கொடுத்துவிட்டு வர முடியாது. இந்த மனையில் ஏன் இந்த வடிவம், இதற்கு எல்லாரும் எப்படி வந்து சேருவார்கள் என்பதை உரைநடையில் எழுதி இணைக்க வேண்டும். 'டிசைன் அண்ட் ஆக்சஸ் ஸ்டேட்மெண்ட்' என்பது அதன் பெயர். வடிவமைப்பு, அணுகல் விளக்க அறிக்கை என்று வைத்துக்கொள்வோம். 2006 ஆகஸ்டில் அங்கே அது கட்டாயமானது. நம் மாநகராட்சிகளும் இப்படி ஒரு தாளைக் கேட்க வேண்டுமா?

பொதுவாகக் கேட்டால் பதில் சுலபம்: நல்ல விஷயம்தானே, கேட்கட்டுமே. அந்தச் சுலபத்தை நம்பாததால்தான் மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டத்திலுள்ள உல்லாஸ்நகரை எடுத்துக்கொள்கிறேன். சுமார் 13 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள். கட்டட விதிகளைப் பற்றிய எந்த நல்ல யோசனையும் அந்த ஊரில் தாக்குப்பிடிக்குமா என்று பார்த்த பிறகே மற்ற ஊர்களுக்குப் பரிந்துரைக்கலாம்.

முதலில் அசல் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். அணுகல் அறிக்கை என்பது ஆரம்பத்தில் தனியாகத்தான் இருந்தது. மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் சட்டத்தின் தொடர்ச்சியாக, 2004-இல் திருத்தப்பட்ட அந்நாட்டுக் கட்டட விதிகளின் 'எம்' பகுதி, கட்டடத்துக்குள் யாரும் தடையின்றி வருவது எப்படி என்று எழுதிக் கொடுக்கும்படி சொன்னது. வடிவமைப்பு அறிக்கை வேறொரு வழியில் வந்தது. அழகும் பொருத்தமும் பற்றிய அக்கறை அதன் ஊற்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தது 2006. அரசின் கட்டடக்கலை ஆலோசனை அமைப்பான 'கேப்' அதே ஆண்டில் இதை எழுதுவது, படிப்பது, பயன்படுத்துவது எப்படி என்று ஒரு கையேடு போட்டது. மனையைச் சுற்றியுள்ள தெரு, மக்கள், பொருளாதாரம் எல்லாவற்றையும் மதிப்பிடு, சம்பந்தப்பட்டவர்களிடம் பேசு, பிறகு பென்சிலை எடு என்பது அதன் சாரம். கருத்தளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2015-இல் மீண்டும் தொகுக்கப்பட்ட விதி அறிக்கையில் ஐந்து விஷயங்களைக் கேட்கிறது. வடிவமைப்பின் கோட்பாடுகள் என்ன. சூழலை எப்படி மதிப்பிட்டீர்கள். அணுகல் பற்றிய உங்கள் கொள்கை என்ன, அது உள்ளூர்த் திட்டத்தோடு எப்படிப் பொருந்துகிறது. அணுகல் குறித்து யாரிடம் ஆலோசித்தீர்கள், அவர்கள் சொன்னதை என்ன செய்தீர்கள். அணுகலுக்கு இடையூறாகும் குறிப்பான சிக்கல்களை எப்படித் தீர்த்தீர்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்தில் மூன்று அணுகலைப் பற்றியவை. ஆனால் நடைமுறையில் எழுதப்படும் அறிக்கைகளைப் புரட்டினால் விகிதம் தலைகீழாக இருக்கும். நாற்பது பக்கம் செங்கல் நிறமும் மாலை வெயிலில் மின்னும் கண்ணாடியும். கடைசியில் ஒன்றரைப் பக்கம், 'அனைவரையும் உள்ளடக்கும் அணுகல் வழங்கப்படும்' என்று. அந்த வாக்கியத்தை மான்செஸ்டரில் எழுதினாலும் பிரிஸ்டலில் எழுதினாலும் ஒன்றுதான். ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு வெட்டி ஒட்டத் தோதான வாக்கியம்.

2013 ஜூனில் அந்நாட்டு அரசே பின்வாங்கியது. சின்னக் கட்டுமானங்களுக்கு இது வீண் சுமை என்று சொல்லி, பத்து வீடுகள் அல்லது 1,000 சதுர மீட்டர் போன்ற பெரிய திட்டங்களுக்கும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் அதைவிடச் சிறிய சிலவற்றுக்கும் என்று சுருக்கியது. ஏழு வருட அனுபவம் இப்படி முடிந்ததை இந்த யோசனையின் தோல்வி என்றே சிலர் வாசிப்பார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. இரட்டைப் பெயரில் முதல் பாதி இரண்டாம் பாதியைத் தின்றுவிட்டது என்பதே என் வாசிப்பு. இன்னொரு குறையும் உண்டு, அது நமக்கு மிக முக்கியம். அந்த அறிக்கையின் 'அணுகல்' கட்டட வாசலோடு நின்றுவிடும். தெருவிலிருந்து மனைக்குள் எப்படி வருகிறீர்கள் என்பதுதான் திட்ட அனுமதியின் கவலை. உள்ளே படி, லிஃப்ட், கழிவறை எல்லாம் வேறு அலுவலகத்தின் பாடு. ஐந்து மாடி ஏறவேண்டிய ஊருக்கு இதை அப்படியே கொண்டுவந்தால் கிழவியைக் கீழ்ப்படியில் உட்காரவைத்துவிட்டுப் போனதாகத்தான் ஆகும்.

இதோடு ஒப்பிட இங்கிலாந்திலேயே இன்னொரு தாள் இருக்கிறது. 2017 ஜூன் 14 இரவில் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 2021 ஆகஸ்டு முதல், 18 மீட்டர் அல்லது ஏழு மாடியைத் தொடும் குடியிருப்புகளுக்குத் திட்ட விண்ணப்பத்தோடேயே தீப் பாதுகாப்பு அறிக்கை தர வேண்டும் என்றானது. வடிவமைப்பு அறிக்கையும் இதுவும் பார்வைக்கு ஒரே சாதி. ஆனால் தீ அறிக்கையை இன்னார்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது: அதற்கென்று குறிப்பிட்ட அரசு அமைப்பிடம் அது போக வேண்டும், அவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். வடிவமைப்பு அறிக்கைக்கு அப்படி ஒரு வாசகர் இல்லை. திட்ட அதிகாரி நேரம் இருந்தால் படிப்பார். எழுதுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் படம் கூடுகிறது.

இனி நம் பக்கம் வருவோம். மகாராஷ்டிரத்தில் மும்பை மாநகரத்துக்கு 2034 வளர்ச்சித் திட்டத்தின் விதிகள். உல்லாஸ்நகர் உட்பட மாநிலத்தின் பெரும்பகுதிக்கு 2020 டிசம்பரில் வந்த ஒருங்கிணைந்த விதித்தொகுப்பு. எந்த விதியானாலும் நகரமைப்புப் பிரிவுக்குப் போகும் கோப்பின் இதயம் வரைபடத்தின் ஓரத்தில் உள்ள 'ஏரியா ஸ்டேட்மெண்ட்'. மனைப் பரப்பு, தளப் பரப்புக் குறியீடான எஃப்.எஸ்.ஐ., பிரீமியம் கட்டி வாங்கியது, பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம். முழுக்க எண்கள். தடையில்லா அணுகலுக்கும் விதித்தொகுப்பில் இடம் உண்டு. சரிவுப்பாதை 12-க்கு 1, கதவு இத்தனை மில்லிமீட்டர் என்று அதுவும் எண்களில்தான். எண் இருப்பது குற்றமில்லை. சரிவுப்பாதை 12-க்கு 1 என்று இருக்கும். அது பின்பக்கம் ஸ்கூட்டர்கள் நிற்குமிடத்தில் தொடங்கி மூடியில்லாத சாக்கடையில் முடியும். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே சரி. தெருவிலிருந்து வீட்டுக் கதவு வரைக்குமான வழி அறுந்துபோனதை எந்தக் கட்டமும் காட்டாது. அதைக் காட்டத் தொடர்ச்சியாக எழுதப்பட்ட நான்கு பத்தி வேண்டும். விளக்க அறிக்கைக்கு ஆதரவான மிக வலுவான வாதமாக நான் நினைப்பது இதுதான்.

சட்டமே இதைக் கேட்கவில்லையா என்றால், பாதி கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியும் தராதே, கட்டி முடித்த பின் குடியேறுவதற்கான சான்றான ஓ.சி.யும் தராதே என்கிறது. கடுமையான பிரிவு. ஆனால் 2017-இல் வந்த விதி 15 அந்தத் தரங்களைப் பரிந்துரை போலவே வைத்திருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த முரணைப் பிடித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதி விருப்பம் என்கிறது, ஆகவே விதி சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. தீர்ப்பை முழு மனதோடு வரவேற்கிறேன். அது தருவதும் இன்னொரு எண் பட்டியலாக நின்றுவிடக்கூடாதே என்ற கவலையும் எனக்கு உண்டு. வாசலில் எண் சரியா என்று கேட்க ஆள் வருவார். வழி சேருகிறதா என்று கேட்கும் தாள் அப்போதும் கோப்பில் இருக்காது.

விளக்கம் எழுதும் பழக்கமே நமக்கில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மும்பை ஆர்க்கிடெக்ட் எவரையும் கேட்டுப்பாருங்கள், 'கன்செஷன் ரிப்போர்ட்' என்பார். விதிப்படி பக்க இடைவெளி விட முடியவில்லை, படிக்கட்டின் அகலம் குறைகிறது, திறந்தவெளி போதவில்லை என்றால், சிரமம் காரணமாகத் தளர்த்தித் தாருங்கள் என்று கமிஷனருக்கு எழுதும் விண்ணப்பம் அது. நிரூபிக்கக்கூடிய சிரமம் இருந்தால், காரணத்தை எழுத்தில் பதிந்து, குடியிருப்போரின் உடல்நலமும் பாதுகாப்பும் கெடாதபடி அளவுகளைத் தளர்த்தலாம் என்று விதியே அதிகாரம் கொடுக்கிறது. 1991 விதிகளில் இருந்தது, இப்போதைய விதிகளிலும் இருக்கிறது; ஒருங்கிணைந்த தொகுப்பிலும் இதன் உடன்பிறப்பு உண்டு. திறந்தவெளிக் குறைவுக்கு பிரீமியம் கட்டினால் கணக்கு நேராகிவிடும்.

இந்த கன்செஷன் கடிதங்களைத்தான் நம் ஊர் வடிவமைப்பு அறிக்கை என்பேன். நடை கூடக் கிட்டத்தட்ட அதே நடை. மனை கோணலானது, முகப்பு குறுகலானது, ஏற்கெனவே குடியிருக்கும் இத்தனை பேருக்கு வீடு கொடுத்தாக வேண்டும், ஆகவே இடைவெளி குறைகிறது. எல்லாம் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சிரமப்படுவது யார் என்று பாருங்கள். மனை சிரமப்படுகிறது, திட்டத்தின் லாபக் கணக்கு சிரமப்படுகிறது. அந்தக் குறைந்த இடைவெளியில் முப்பது வருடம் ஜன்னல் திறக்கப்போகிறவர் கோப்பில் வரமாட்டார். அவர் படும் சிரமத்தை யாரும் எழுதிப் பதிவதில்லை.

அவருக்கு என்ன ஆகும் என்பதற்கு மும்பையில் செம்பூரைத் தாண்டினால் சான்று இருக்கிறது. கோவண்டியிலும் மான்குர்திலும், ரயில் பாதைக்கும் சாலைக்கும் இடம் விட்டு வந்தவர்களை அடைத்துவைத்த நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட். கட்டடங்களுக்கு நடுவே சுமார் மூன்று மீட்டர் சந்து. 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பும் ஐ.ஐ.டி. பம்பாய் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, பெருநகர வட்டாரத்தின் சுற்றுச்சூழல் மேம்பாட்டு அமைப்பின் ஆதரவில் நடந்தது. அந்த இரு குடியிருப்புகளில் பத்து வீட்டுக்கு ஒன்று என்ற அளவில் காசநோய். அதே வட்டாரத்தில் கட்டடங்கள் தள்ளி நிற்கும் பி.எம்.ஜி.பி. காலனியில் நூற்றுக்கு ஒன்று. முதல் இரண்டிலும் கீழ் மாடிகளுக்கு வெயிலும் காற்றும் எட்டவில்லை. இவை திருட்டுத்தனமாகக் கட்டியவை அல்ல, குடிசை மறுவாழ்வு விதிகளின் தளர்வுக்குள் முறையாக எழும்பியவை. மூன்று மீட்டர் போதும் என்று யார் எங்கே எழுதிக் காரணம் சொன்னார்கள்? விதியில் எண் இருந்தது, காரணம் சொல்லவேண்டிய கட்டம் இல்லை. ஆகவே வடிவமைப்புப் பாதி வெறும் அலங்காரம், அதைத் தூக்கி எறிந்துவிட்டு அணுகலை மட்டும் வைத்துக்கொள்வோம் என்ற முடிவுக்கு என்னால் போக முடியவில்லை. இங்கிலாந்தின் அறிக்கையை வாசித்தால் அந்த ஆசைதான் வருகிறது. கோவண்டி அதைத் தடுக்கிறது. அங்கே வெயில் உள்ளே வருவதும் அணுகல்தான்.

உல்லாஸ்நகர் இந்தக் கதையின் முற்றிய நிலை. இரண்டாம் உலகப்போரில் கல்யாணுக்குப் பக்கத்தில் ராணுவத் தங்கல் முகாமாக இருந்த இடம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாரக்குகள். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்தவர்களை அவற்றில் குடியேற்றினார்கள். 1949 ஆகஸ்டு 8 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி வந்து அடிக்கல் நாட்ட, உல்ஹாஸ் நதியின் பெயரில் நகரமானது. இன்றைக்கும் முகவரியில் கேம்ப் ஒன்று, கேம்ப் மூன்று என்றுதான் எழுதுகிறார்கள். சிப்பாய்கள் வரிசையாகப் படுத்துறங்கப் போட்ட பாரக்குகளில் மேலே பெருகும் குடும்பங்கள், கீழே கடை, பட்டறை. பாரக்கின் அறை மாடியாயிற்று, மாடி ஐந்தாயிற்று. நில உரிமைப் பத்திரம் பல இடங்களில் தெளிவில்லை. பத்திரம் தெளிவில்லாதவருக்கு அனுமதி எப்படிக் கிடைக்கும்? அனுமதி இல்லாமல் கட்டியது பேராசையால் மட்டுமில்லை என்பதை அந்த ஊரைத் திட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பேராசையும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

பொதுநல வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 855 சட்டவிரோதக் கட்டடங்களை இடிக்கச் சொன்னது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை. மாநில அரசு முதலில் அவசரச் சட்டமும், 2006-இல் உல்லாஸ்நகருக்கென்றே ஒரு தனிச் சட்டமும் கொண்டுவந்தது. 2005 ஜனவரி 1-க்கு முன் கட்டியவற்றை அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். ஒரே ஊருக்காக இயற்றப்பட்ட சட்டம் என்பதால் இதை இந்திய நகரமைப்பின் பெரிய பரிசோதனை என்றே சொல்லலாம். வருடங்கள் ஓடின, விண்ணப்பங்கள் தேங்கின, கட்டணத்தைக் குறைப்பது பற்றிய பேச்சு தேர்தல்தோறும் எழுந்தது.

2021 மே 28 இரவு, நேரு சவுக் பக்கத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தள ஸ்லாப் பிய்த்துக்கொண்டு தளம் தளமாகத் துளைத்துத் தரை வரை இறங்கியது. ஏழு பேர் செத்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்தான் கேம்ப் ஒன்றில் இன்னொரு கட்டடத்தில் இதேபோல் ஸ்லாப் விழுந்து உயிர்கள் போயிருந்தன. 1990-களின் நடுவில் அவசரமாக எழுப்பிய கட்டடங்களின் மணலும் சிமெண்டும் பற்றி அப்போது ஊரே பேசியது. பழைய கட்டடங்களுக்கெல்லாம் உறுதித் தணிக்கை நோட்டீஸ் போயிற்று.

இந்த இடத்தில்தான் விளக்க அறிக்கை என்ற யோசனைக்கு எதிரான முதல் அடி விழுகிறது, லேசான அடியும் அல்ல. ஸ்லாப் தலையில் விழும் ஊரில் சரிவுப்பாதையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறாயா? உறுதிச் சான்று முதலில், மற்றதெல்லாம் பிறகு. இந்த வரிசையை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பிறகு' என்பது எப்போது? விழுந்த கட்டடங்களும் விழப்போகிறவையும் இனி மறுகட்டுமானத்துக்குத்தான் போக வேண்டும். முறைப்படுத்தலில் சேருகிறவை இன்னும் முப்பது வருடம் நிற்கும். வாசலை மாற்றவும் படிக்கட்டை நகர்த்தவும் லிஃப்டுக்குக் குழி விடவும் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் இந்தக் கோப்பு நகர்த்தப்படும் வேளைதான். அதில் உறுதிச் சான்றையும் பணத்தையும் மட்டும் கேட்டு முத்திரை குத்தினால், ஏற முடியாத ஐந்து மாடி சட்டபூர்வமாகிவிடும். முன்பு அது தவறாகவாவது இருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2005 ஜூலை 26 வெள்ளம் கண்ட வட்டாரம் இது. வாலதுனி ஓடை ஊருக்கு நடுவே ஓடுகிறது. தெருவோ ஒவ்வொரு முறை கான்கிரீட் போடும்போதும் உயரும். ஆகவே புதிதாகக் கட்டுகிறவர் ப்ளிந்தை, அதாவது கட்டடத்தின் அடிமேடையைத் தூக்குவார், 60 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நியாயமான எச்சரிக்கை. 12-க்கு 1 என்றால் சரிவுப்பாதைக்கு 7.2 மீட்டர் ஓட்டம் வேண்டும். இரு முனையிலும் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டால் பத்து மீட்டரைத் தாண்டும். பாரக் மனையின் முகப்பு பல இடங்களில் அவ்வளவு இருக்காது. வெள்ள விதி ஒரு பக்கம் இழுக்கிறது, அணுகல் விதி மறுபக்கம். இரண்டு எண்ணும் சரி, இரண்டையும் சேர்த்து வரைய முடியாது. நடப்பில் என்ன ஆகிறது? தரைத்தளத்தை வண்டிக்கு ஒதுக்கிவிட்டு மனிதர்களுக்கு நான்கைந்து படி வைக்கிறார்கள். தெருவிலிருந்து படியில்லாமல் உள்ளே போகும் உரிமை காருக்கு மட்டும்.

இதற்கு விடையே இல்லை என்பதில்லை. வண்டிகள் நுழையும் அதே மட்டத்தில் லிஃப்ட் நின்றால் போதும், பத்து மீட்டர் சரிவுப்பாதை தேவைப்படாது. வெள்ளம் வந்தால் லிஃப்டின் குழி நிரம்பும், அதற்குப் பம்பும் மின்பெட்டியின் உயரமும் பார்க்க வேண்டும். அல்லது சரிவுப்பாதையை இரண்டு மடிப்பாக்கலாம், கடையின் ஒரு கதவை விட்டுக்கொடுத்து. எது என்று தேர்ந்தெடுத்து, ஏன் என்று இரண்டு பத்தி எழுதச் சொன்னால், எழுதுகிறபோதே ஆர்க்கிடெக்டுக்குச் சிக்கல் தெரிந்துவிடும். அறிக்கை தயாரிப்பதன் பயன் அதிகாரி படிக்கும்போது கிடைப்பதைவிட எழுதும்போது கிடைப்பதே அதிகம். இங்கிலாந்துக் கையேடு இதைத்தான் சொல்ல வந்தது. கட்டடம் வரைந்து முடிந்த பிறகு ஆலோசகரிடம் கொடுத்து அறிக்கை வாங்கும் வழக்கம் அதன் உயிரை எடுத்தது.

இரண்டாவது ஆட்சேபம் நம் ஊருக்கே உரியது. ஒரு தாள் கூடினால் ஒரு மேசை கூடும், மேசை கூடினால் காத்திருப்பும் கையூட்டும் கூடும். நூறு கஜ மனையில் மூன்று மாடி கட்டும் சிறு ஆள், லைசென்ஸ் சர்வேயர் வைத்துக் கோப்பு நகர்த்துகிறவர், இதில் நசுங்குவார். பெரிய பில்டர் லண்டன் தரத்தில் நூறு பக்கம் பளபளப்பாக அச்சடித்து வைப்பார். இந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. பாதிப் பதில் உண்டு. எல்லாரிடமும் கேட்க வேண்டாம். இங்கிலாந்து அளவைப் பார்த்து எல்லை போட்டது. பெரியது எழுது, சின்னது விடு. நமக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இங்கே சின்னவற்றில்தான் சந்து குறுகுகிறது. நம் எல்லைக்கோடு சலுகையில் இருக்க வேண்டும். விதிப்படி எல்லா அளவும் விட்டுக் கட்டுகிறவரிடம் ஒரு வரியும் கேட்காதே. எந்த அளவைத் தளர்த்தச் சொல்கிறாரோ அந்த அளவுக்கு, அதனால் யாருடைய வெளிச்சம், யாருடைய படி, யாருடைய வழி குறைகிறது, அதற்கு ஈடாக என்ன செய்கிறேன் என்று எழுதட்டும். பிரீமியம் கட்டுகிறவர் பணத்தோடு இதையும் கட்டட்டும்.

இந்த அளவுகோலால் பார்த்தால் உல்லாஸ்நகரின் முறைப்படுத்தல் கோப்பு ஒவ்வொன்றும் தானாகவே உள்ளே வந்துவிடுகிறது, ஏனென்றால் அவை முழுக்க முழுக்கச் சலுகை. தாராவியும் வந்துவிடுகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க் கேட்பில் அதானி குழுமத்துக்குப் போன தாராவி மறுவளர்ச்சித் திட்டம், இந்தியாவின் தளர்த்தப்பட்ட விதிகளின் உச்சம். 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி. மற்றவர்களுக்கு வேறு கணக்கு, பெரும்பாலும் வேறு இடம். 2025-இல் முதன்மைத் திட்டம் அரசின் ஒப்புதல் பெற்றது. தரையில் பானை வனைகிற கும்பர்வாடாக்காரர் எந்த மாடிக்குப் போவார், தன் மண்ணையும் சூளையையும் எப்படிக் கொண்டுபோவார் என்ற கேள்வி அணுகல் அறிக்கையின் முதல் கேள்வி. தோல் பட்டறையில் ஆரம்பித்துத் தலைமுறைகளாக அங்கே வாழும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பாட்டி, வாசலில் உட்கார்ந்து இட்லி விற்பதை இருபதாவது மாடியிலிருந்து எப்படிச் செய்வார் என்பது இரண்டாவது. இதையெல்லாம் அறிக்கையாக எழுதி, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் தெருமுனையில் ஒட்டியிருந்தால், பாதிச் சண்டை ஒழுங்கான சண்டையாகவாவது நடந்திருக்கும்.

மாட்டுங்கா எதிர்த்திசை எடுத்துக்காட்டு. 1898-இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் போட்ட தாதர்-மாட்டுங்கா திட்டத்தில், அகலத் தெருவும் பூங்காவும் பெரும்பாலும் தரைத்தளத்தோடு இரண்டு மாடியும். நூறு வருடம் கழித்தும் அங்கே நடக்கச் சுகமாயிருப்பதற்கு யாரும் விளக்க அறிக்கை எழுதவில்லை. திட்டமே விளக்கமாக இருந்தது. நல்ல தெருத் திட்டம் இருந்தால் தனிக் கட்டடத்தின் கட்டுரை தேவைப்படாது என்று இதை வைத்து வாதிடலாம். ஒத்துக்கொள்வேன், ஒரு திருத்தத்தோடு. அந்த அழகான கட்டடங்களுக்கு லிஃப்ட் இல்லை. இரண்டாம் மாடியிலிருந்து இறங்க முடியாமல் வருடக்கணக்கில் பால்கனியிலேயே உலகம் பார்த்த மாமிகள் மாட்டுங்காவில் எத்தனை பேர் என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். இன்று அந்தக் கட்டடங்கள் மறுகட்டுமானத்துக்குப் போகின்றன. லிஃப்ட் வந்துவிடும். இடைவெளிக்குக் கன்செஷன் கேட்கிறார்கள்.

எனவே தீர்ப்பு. இங்கிலாந்தின் அறிக்கையை அப்படியே கொண்டுவரக் கூடாது; அங்கே செத்துப்போன பாகத்தையும் சேர்த்துச் சுமக்க நமக்கு வலு இல்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கன்செஷன் கடிதத்தைத் திருப்பி எழுத வேண்டும். மனையின் சிரமம் ஒரு பத்தி, மனிதரின் சிரமம் மூன்று பத்தி. தெருவிலிருந்து சமையலறை வரைக்கும், வாசலோடு நிறுத்தாமல். நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, வண்ணப் படம் கூடாது. அந்த ஐந்து கேள்விகளில் நான்காவது, யாரிடம் ஆலோசித்தாய், அவர்கள் சொன்னதை என்ன செய்தாய் என்பது, அசலைவிடக் கடுமையாக: குடியிருக்கும் சொசைட்டியிலோ அடுத்த கட்டடத்திலோ நடக்கச் சிரமப்படுகிற ஒருவர் சொன்னதை அவர் மொழியில் பதிந்து, அதை ஏற்காவிட்டால் ஏற்காத காரணத்தையும் எழுதி. எழுதியது அனுமதியின் நிபந்தனையாகி, ஓ.சி. தருமுன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலிருந்து மேல்மாடி வரை ஒருவர் நடந்தோ உருண்டோ பார்க்க வேண்டும்.

படிக்கிறவர் யார்? நகரமைப்புப் பிரிவின் தலையில் இதையும் கட்டினால் கிரென்ஃபெல்லுக்கு முந்தைய இங்கிலாந்துதான். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 72-ஆம் பிரிவு மாவட்டந்தோறும் ஒரு குழுவுக்கு வழி செய்கிறது. மாநில ஆணையர் பதவியும் இருக்கிறது. தாணே மாவட்டக் குழுவை உல்லாஸ்நகர் கோப்புகளின் சட்டபூர்வ வாசகராக அறிவிக்கலாம், முப்பது நாளுக்குள் கருத்துச் சொல்லாவிட்டால் கோப்பு நகரும் என்ற கெடுவோடு. அந்த வாசகர் இல்லாமல் அறிக்கையை மட்டும் கட்டாயமாக்குவதாக இருந்தால் என் வாக்கு எதிர்ப்பக்கம். உல்லாஸ்நகர்க்காரர்கள் ஏற்கெனவே போதுமான தாள்களுக்குக் கட்டணம் கட்டிவிட்டார்கள்.